பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நாற்பது நாளும் கோபத்தை விட்டுவிடுவதாகப் பொருத்தனை செய்திருக்கிறேன். கோயிலில் எங்கள் போதகர் ஐயர், "எதை விடப்போறீங்கன்னு மனசுக்குள்ள சொல்லுங்க" என்றபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் டீயை விட்டிருக்கிறாராம். டீ குடிக்காத மனுஷன் காலையில் பேச மாட்டார். அதற்கும் எனக்குத்தான் கோபம் வரும்.

இந்த டைரி போன மாதம் மதுரையில் நடந்த சீஷத்துவ வழிநடத்துநர் பயிற்சியில் கொடுத்தது. உங்கள் பொறுப்பில் இருக்கும் வாலிபப் பிள்ளைகளைப் பற்றி எழுதுங்கள், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்றார்கள். என் சனிக்கிழமை வகுப்பில் ஐந்து பெண் பிள்ளைகள். எஸ்லினும் பெனிட்டாவும் கல்லூரியில் கடைசி வருஷம், சின்ன வயதிலிருந்தே சிநேகிதிகள். ஜெமிமாவும் மற்ற இருவரும் பதினோராம் வகுப்பு, பள்ளிக்கூடத்தில் என்னிடமே தாவரவியல் படிக்கிறவர்கள். சபையில் இத்தனை பேர் இருக்க, பிள்ளைகளை நடத்த ஆள் வேண்டும் என்றதும் எல்லோருக்கும் முழங்கால் வலி வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக நான்தான்.

வீட்டுக்கு வந்தால் சிலிண்டர் தீர்ந்திருந்தது. மாற்றச் சொல்லி மூன்று நாளாயிற்று. பொருத்தனை ஒரு மணி நேரம் நின்றது.

பிப்ரவரி 17, சனி

வகுப்பு முடிந்ததும் எஸ்லின் மட்டும் போகவில்லை. பாய்களை மடிக்கிறேன் என்று நின்றாள். ஒரு பாயை மூன்று தடவை மடித்தாள். என்னவென்று கேட்டேன்.

"ஏழு மாசமா மாத்திரை சாப்பிடுதேன் டீச்சர்."

எதற்கு என்றதும் அழுகை. இரண்டாம் வருஷக் கடைசியில் காலையில் எழுந்திருக்கவே முடியாமல் ஆகியிருக்கிறது. பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். பெனிட்டாதான் திருநெல்வேலியில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறாள். மாதா மாதம் இரண்டு பேரும் லைப்ரரிக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள். இப்போது பரவாயில்லை, தூக்கம் வருகிறது, பாடம் ஏறுகிறது என்றாள்.

"அம்மாவுக்குத் தெரியாது டீச்சர். தெரிஞ்சா பிசாசு பிடிச்சிருக்கு, கட்டி ஜெபிக்கணும்னு ஆரம்பிச்சிருவாவ. அப்பா மஸ்கட்ல இருக்காவ, அவுகளுக்கும் சொல்லல."

நான் சரியாகத்தான் பேசினேன். என் வீட்டுக்காரர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார், யாராவது அவருக்கு விசுவாசம் இல்லை என்கிறார்களா என்று கேட்டேன். டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையும் நிறுத்தக் கூடாது என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"யார்ட்டயும் சொல்லிராதீங்க டீச்சர்."

"என்னைப் பாத்தா சொல்லுத ஆளு மாதிரியா தெரியுது?"

வேறொரு டீச்சரிடம் சொல்லியிருந்தால் உபவாசம் இரு என்று சொல்லி அனுப்பியிருப்பாள். என்னிடம் வந்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளதை எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பெண்கள் உபவாச ஜெபம், மாலை ஐந்து மணி. இதற்கு ஏன் போகிறேன் என்று ஒவ்வொரு செவ்வாயும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். சங்கத் தலைவி ரத்தினபாய் அக்கா நீள நோட்டில் எழுதுவார். யாருடைய மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள், யாருடைய மகன் எந்த ஊரில் குடித்துவிட்டு விழுந்து கிடந்தான், எல்லாம் இந்த நோட்டில் இருக்கிறது. ஒவ்வொருத்தியும் கடைசியில், "வெளிய சொல்ல வேண்டாம், பாரத்தோட ஜெபிச்சுக்கோங்க" என்கிறாள். ஊர்ச் செய்தி வாசிக்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒருத்தி கதையை விட அடுத்தவள் கதை பெரிதாக இருக்க வேண்டும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது கூசியது.

குறிப்பு எழுதவே ஆறரை ஆகிவிட்டது. ஐயரின் மனைவி ஐயரம்மா எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு நிமிஷம் ஜெபித்து முடித்தார். பிறகு கஞ்சியும் பருப்புத் துவையலும்.

என் முறை வந்தபோது நானும் ஒரு குறிப்பு கொடுத்தேன்.

பிப்ரவரி 22, வியாழன்

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டு தடவை டீ கேட்டார், மூன்றாம் தடவை வடை கேட்டார். கோபப்படவில்லை. முகத்தில் தெரிந்திருக்கலாம்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் ரத்தினபாய் அக்கா எஸ்லினுடைய தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். சுற்றிலும் நான்கைந்து பேர்.

"தைரியமா இரு மக்கா. மாத்திரையெல்லாம் ஒண்ணுந் தேவையில்ல. எல்லாத்தையும் கட்டி ஜெபிச்சிருக்கோம்."

எஸ்லினின் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. கையை விலக்கவும் தெரியாமல், நிற்கவும் முடியாமல், செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா தங்கபுஷ்பம் கொஞ்சம் தள்ளி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வயசுப் பிள்ளையை இப்படிக் கூட்டத்தில் நிறுத்திப் பேசலாமா? இந்த அம்மாவுக்கு யார் கொடுத்தது இந்த அதிகாரம்? நேரே போய் நான்கு வார்த்தை கேட்டிருப்பேன். வண்டியை வெயிலில் நிறுத்தியிருந்தேன், வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார், கிளம்பிவிட்டோம்.

பிப்ரவரி 27, செவ்வாய்

வந்ததும் வராததுமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு முடிந்து உபவாச ஜெபத்துக்குப் போனால், அங்கே ரத்தினபாய் அக்கா எழுந்து நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார். மத்தியானம் மூன்று மணிக்கு ஆறு பேர் எஸ்லின் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவள் கட்டிலில் எண்ணெய் பூசி ஜெபித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை காலேஜிலிருந்து வரும் முன்பே வீட்டில் போய் உட்கார்ந்து, அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்து, அலமாரியைத் திறந்து, பழைய புத்தகப் பைக்குள் இருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து, அம்மாவின் கையாலேயே சாக்கடையில் போட வைத்திருக்கிறார்கள்.

"அந்தத் தாய் கையாலயே தூக்கிப் போட்டாவ. இனி அந்த மகளுக்கு விடுதலைதான்" என்றார் அக்கா. எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள்.

ஏழு மாதமாக எடுக்கிற மருந்தை ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த இருபது பேரில் ஒருத்திக்காவது தெரியுமா? நாய்க்கு மருந்து கொடுப்பதற்குக்கூட மிருக வைத்தியரிடம் கேட்கிறோம். இவர்களுக்கு அந்தப் பிள்ளை ஒரு சாட்சி. அடுத்த கூட்டத்தில் சொல்வதற்கு ஒரு கதை.

நான் வாயைத் திறக்கவில்லை. கோபப்பட மாட்டேன் என்று பொருத்தனை இருக்கிறதே.

பிப்ரவரி 28, புதன்

காலையில் தோசை சுட்டுக்கொண்டே வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இந்த ஊரில் ஒரு பிள்ளை நிம்மதியாக நோய்வாய்ப்பட முடியாது என்றேன். மாத்திரையைச் சாக்கடையில் போடுகிற இதே ரத்தினபாய், மூட்டு வலிக்கு மூன்று டாக்டர் பார்க்கிறார் என்றேன். ஒருத்திக்காவது வெட்கம் இருக்கிறதா என்றேன். நான்கு தோசை கருகியது.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவியளுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"நான் ஜெபக் குறிப்பா கொடுத்தேன். பேரு சொல்லல."

"வேற என்ன சொன்ன?"

"கடைசி வருஷம் படிக்கான்னு சொன்னேன். அதுக்கென்ன? கடைசி வருஷத்துல ரெண்டு பேரு இருக்காவ."

"அப்புறம்?"

"அப்பா வெளிநாட்டுலன்னு சொன்னேன்."

பெனிட்டாவின் அப்பா இங்கேயே மில்லில் வேலை பார்க்கிறார். அது அவருக்கும் தெரியும்.

"பேரைத் தவிர எல்லாத்தையும் சொல்லிட்டியோ" என்றார். பதினைந்து நாளாகக் காலையில் வாயைத் திறக்காத மனுஷன், இதற்காகத் திறந்தார். கோபத்தில் அவருக்குச் சட்னி வைக்கவில்லை.

ஜெபத்துக்காகத்தான் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் புகுவார்கள் என்று நான் கனவா கண்டேன்? தப்பு செய்தது அவர்கள்.

மார்ச் 2, சனி

வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே எஸ்லின் என் வீட்டுக்கு வந்தாள். சுடிதாரின் இஸ்திரி கலைந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், நான் ரெண்டே பேருட்டதான் சொன்னேன். உங்ககிட்ட. பெனிட்டாகிட்ட. அவளுக்குச் சொல்லக்கூட வேண்டாம், அவதான கூட்டிட்டுப் போனா. எப்படி டீச்சர் எல்லாருக்கும் தெரிஞ்சுது?"

நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"யாரு வாய்ல எது வருதுன்னு யாருக்குத் தெரியும்மா" என்றேன்.

"பெனிட்டா சொல்ல மாட்டா."

"சின்னப்பிள்ளைவதான நீங்க. அவ அம்மாவும் செவ்வாய்க்கிழமை ஜெபத்துக்கு வாராவ. யோசிச்சுப் பாரு."

இதைத்தான் சொன்னேன். பெனிட்டா சொன்னாள் என்று நான் சொல்லவில்லை. அவள் அம்மா ஜெபத்துக்கு வருகிறார் என்பது உண்மை. யோசிக்கச் சொன்னேன். பிள்ளைகள் யோசித்துப் பழக வேண்டும் என்றுதான் பயிற்சியிலும் சொன்னார்கள்.

எஸ்லின் தம்ளரைத் திண்டில் வைத்துவிட்டுப் போனாள். தண்ணீர் குடிக்கவில்லை. வகுப்புக்கும் வரவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

தலைவலி, உபவாச ஜெபத்துக்குப் போகவில்லை. ரத்தினபாய் அக்கா போன் செய்தார். "கெத்சியா டீச்சர், நீங்க குறிப்பு கொடுத்ததாலதான் இந்த விடுதலை. ஈஸ்டர் கூட்டத்துல நீங்களே சாட்சி சொல்லணும்." அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் இல்லை.

மார்ச் 9, சனி

நான்கு பேர். எஸ்லின் இல்லை. பெனிட்டா வந்து ஓரமாக உட்கார்ந்தாள், கண் இரண்டும் வீங்கியிருந்தது. பயிற்சியில் கொடுத்த கையேட்டில் நான்காம் பாடம், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது. நான் பாடம் நடத்திய ஒரு மணி நேரமும் அவள் தலையை நிமிர்த்தவில்லை. நடுவில் ஜெமிமா போனைப் பார்த்தாள் என்று அவளை எழுப்பி நிறுத்தித் திட்டினேன். நேரம் பார்த்தாளாம். இருக்கட்டும், என் வகுப்பில் எதற்கு நேரம் பார்க்க வேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

பள்ளிக்கூட கேட் அருகில் பெனிட்டா நின்றிருந்தாள். நாலரை மணி வெயிலில் எவ்வளவு நேரமாக நின்றாளோ, முகம் சிவந்திருந்தது. பக்கத்துக் கடையில் சர்பத் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"எஸ்லின் எங்கூடப் பேச மாட்டேங்கா டீச்சர். போன்ல பிளாக் பண்ணிட்டா. நான்தான் எங்கம்மாகிட்ட சொன்னேன்னு நெனைக்கா. சத்தியமா நான் சொல்லல. எங்கம்மாகிட்ட லைப்ரரின்னு பொய் சொல்லிட்டுத்தான் ஒவ்வொரு மாசமும் போனேன்."

"சரி, அழாத."

"அதுகூடப் பரவால்ல டீச்சர். என்னைய வெறுத்தா வெறுத்துட்டுப் போறா. மாத்திரை நின்னு பதினாலு நாளாச்சு. திடீர்னு நிறுத்தவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காவ. அவ காலேஜுக்கு வாரதில்ல. சாப்பிட மாட்டேங்காளாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாவ, நாள் பூரா சுவரைப் பாத்துட்டுப் படுத்திருக்காளாம். வெள்ளிக்கிழமை டாக்டர் வரச்சொன்ன தேதி. அன்னைக்குப் போகலன்னா எனக்குப் பயமா இருக்கு டீச்சர்."

பிறகு என் கையைப் பிடித்தாள். "நீங்க போய்ச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா. உங்களைத்தான் முழுசா நம்புதா."

கை சுட்டது. பார்க்கிறேன் என்று சொல்லி வந்தேன். பார்க்கிறேன் என்று சொன்னேன்.

மார்ச் 13, புதன்

பொதுத்தேர்வு ஹாலில் மேற்பார்வை. மூன்று மணி நேரம் பேசக் கூடாது, படிக்கக் கூடாது, உட்காரக்கூட யோசிக்க வேண்டும். இருபது பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரத்தில் ஒரு பெண், விடைத்தாளில் பேனாவே வைக்காமல் கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் அப்படியே இருந்தாள். அருகில் போய், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை நடந்ததை உள்ளபடி எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

அன்று எனக்கு முன்னால் சொன்னவள் தன் அக்கா மகளின் விவாகரத்துக் கதையைச் சொன்னாள். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அடுத்து என் முறை. என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. வருஷம் பூராவும், பள்ளிக்கூடத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்கிற ஆள் நான். அந்த நேரத்தில் எஸ்லின் கதை என் கையில் இருந்தது. பெயர் வேண்டாம் என்று சொல்லும்போதே எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததை நான் கவனித்தேன். பார்த்துவிட்டுத்தான் அப்பா வெளிநாட்டில் என்பதைச் சேர்த்தேன். ரத்தினபாய் அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டு, "பிள்ளைவ உங்ககிட்டதான் மனசைத் தொறக்குதுவ டீச்சர்" என்றார். எனக்கு இனித்தது. அவ்வளவு பேர் முன்னால் அது எனக்கு இனித்தது.

அதற்குப் பிறகு எஸ்லின் என் வீட்டில் வந்து நின்று கேட்டபோது, என் பெயர் கெட்டுப்போகும் என்று பயந்து, இருந்த ஒரே சிநேகிதியையும் அவளிடமிருந்து பிடுங்கினேன். ரத்தினபாய் மாத்திரையைத்தான் பிடுங்கினார்.

ஒரு மாதமாக ஊரையெல்லாம் திட்டி எழுதியிருக்கிறேன். எவளையடி திட்டினாய் கெத்சியா. வெட்கங்கெட்டவளே.

மார்ச் 14, வியாழன்

பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பெனிட்டாவைப் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லி, நடந்துகொண்டே அவளிடம் சொன்னேன். அவள் ரோட்டிலேயே நின்றுவிட்டாள். கெட்ட வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லியிருக்கலாம்.

"அவ என்னைத் திட்டினப்போ உங்ககிட்டதான் டீச்சர் வந்து அழுதேன்" என்றாள். ஆனால் கூட வந்தாள்.

தங்கபுஷ்பம்தான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, பின்னால் பெனிட்டாவைப் பார்த்ததும் சுருங்கியது. எஸ்லின் முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தாள். தலை சீவி எத்தனை நாளோ. நெற்றியில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு. அம்மா தினமும் பூசுகிறாளாம்.

"டீச்சர் வந்துருக்காவ பாரு, எந்திரி ஏட்டி" என்றாள் அம்மா.

உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"எஸ்லின், பெனிட்டா யாருட்டயும் சொல்லல. அவ அம்மாகிட்டயும் சொல்லல. நான்தான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை ஜெபத்துல சொன்னேன். நீ வந்து கேட்டப்போ அவமேல சந்தேகம் வர்ற மாதிரிப் பேசினதும் நான்தான்."

தங்கபுஷ்பம், "என்ன டீச்சர் சொல்லுதிய" என்றாள்.

எஸ்லின் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"என்ன சொன்னீங்க?"

"உன் விஷயத்தைச் சொன்னேன்."

"அப்படி இல்ல. அங்க என்ன சொன்னீங்களோ, அதை அப்படியே சொல்லுங்க."

"எஸ்லின்."

"சொல்லுங்க டீச்சர். இத்தனை பேரு கேட்டுருக்காவ. நான் மட்டுந்தான் கேக்கல."

சொன்னேன். அவள் அம்மா முன்னால், பெனிட்டா முன்னால், நின்றுகொண்டு சொன்னேன். "பிரியமான சகோதரிகளே, ஒரு வாலிப மகளுக்காகப் பாரத்தோட ஒரு குறிப்பு கொடுக்கேன். நம்ம சபைப் பிள்ளைதான். காலேஜ்ல கடைசி வருஷம். மனச்சோர்வுக்காக மாத்திரை எடுக்கா. வீட்டுல யாருக்கும் தெரியாது, என்கிட்ட மட்டும் மனசு தொறந்து சொன்னா. பேரு வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும். அப்பாவும் வெளிநாட்டுல இருக்காவ, தாய் தனியா இருக்காவ. வெளிய சொல்ல வேண்டாம்."

சொல்லச் சொல்ல என் குரல் தானாகவே அந்த ஜெபக்கூட்டக் குரலாக மாறியது. மாற்ற முயன்றேன், வரவில்லை.

"அப்புறம்?"

"ரத்தினபாய் அக்கா எழுதிக்கிட்டாவ."

"அப்புறம்?"

"அடுத்த ஆளு சொன்னாவ."

எஸ்லின் என்னை நேராகப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"நீங்க எப்ப டீச்சர் எனக்காக ஜெபம் பண்ணினீங்க?"

அன்றைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். மறுநாள்? அதற்கு மறுநாள்? இருபத்தாறு நாள் ஆகிறது அவள் பாயை மடித்துக்கொண்டு நின்று. தினமும் காலையில் முழங்காலில் நிற்கிறேன். ரத்தினபாயைப் பற்றி ஆண்டவரிடம் புகார் சொன்னேன். என் பெயரைக் காப்பாற்றும்படி கேட்டேன்.

"பண்ணல" என்றேன்.

அவள் தலையாட்டினாள். எதிர்பார்த்ததுதான் என்பது போல இருந்தது, அதை என்னால் தாங்க முடியவில்லை.

தங்கபுஷ்பம் கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் கொண்டுபோய் சாக்கடையில போட்டுட்டனே" என்றாள். "பெத்த பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு எனக்கு மட்டும் தெரியாமப் போச்சே. ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு." பிறகு என்னைப் பார்த்து, "எங்கிட்டயாவது வந்து சொல்லிருக்கலாமே டீச்சர்" என்றாள்.

நாளை டாக்டர் தேதி, கண்டிப்பாகப் போக வேண்டும், நானும் கூட வருகிறேன், டாக்டரிடம் நானே பேசுகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன்.

"நீங்க வரவேண்டாம்" என்றாள் எஸ்லின்.

பெனிட்டா அதுவரை வாசற்படியிலேயே நின்றிருந்தாள். எஸ்லின் அவளைக் கூப்பிடவில்லை. நீட்டியிருந்த காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டாள். பெனிட்டா வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாள். நான் கிளம்பியபோது யாரும் போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை.

மார்ச் 15, வெள்ளி

காலை ஏழே கால் திருநெல்வேலி பஸ்ஸில் மூன்று பேரும் ஏறியதை வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். எஸ்லின், பெனிட்டா, தங்கபுஷ்பம். மாலையில் அவர்கள் திரும்பி வந்ததையும் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார். தங்கபுஷ்பத்தின் கையில் மருந்துக்கடைக் கவர் இருந்ததாம். குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும், சரியாகச் சில வாரம் ஆகும் என்று டாக்டர் சொன்னதாகப் பெனிட்டா ஒரு வரி அனுப்பியிருந்தாள். எனக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை.

ரத்தினபாய் அக்காவுக்குப் போன் செய்தேன். இனி அந்த வீட்டுப் படியை யாரும் மிதிக்கக் கூடாது என்றேன். நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும் என்றேன். குறிப்பு கொடுத்தது என் தப்பு, ஈஸ்டர் கூட்டத்தில் அதைச் சொல்வேன் என்றேன்.

"ஜெபத்துக்குக் கொடுத்ததைப் போய்த் தப்புங்கிய" என்றார்.

"ஜெபத்துக்குக் கொடுக்கல அக்கா. உங்க எல்லாருக்கும் முன்னால பெருமையடிக்கக் கொடுத்தேன். நீங்களும் அதுக்குத்தான் எழுதினிய."

சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். இந்தக் கோபத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

மார்ச் 16, சனி

வகுப்புக்கு நான்கு பேர் வந்தார்கள். பெனிட்டா வருவாள் என்று நினைக்கவில்லை. எஸ்லின் தூங்குகிறாள் என்றாள், நல்ல தூக்கம் என்றாள்.

கையேட்டைத் திறக்கவில்லை. எஸ்லினிடம் அனுமதி கேட்டு அனுப்பியிருந்தேன். உங்கள் தப்பை மட்டும் சொல்லுங்கள், என் வியாதியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம் என்று பெனிட்டா மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். அப்படியே செய்தேன். உங்களில் ஒருத்தி என்னை நம்பிச் சொன்னதை நான் வெளியே சொன்னேன், அந்தப் பழி இன்னொருத்தி மேல் விழ விட்டேன், இனி இந்த வகுப்பை நடத்துகிற தகுதி எனக்கு இல்லை, ஐயரிடமும் சொல்லிவிட்டேன் என்றேன். இருபத்திரண்டு வருஷத்தை முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஜெமிமா, போன வாரம் நான் எழுப்பி நிறுத்தித் திட்டிய பிள்ளை, பாயின் நுனியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நாங்க இனி யார்ட்ட டீச்சர் சொல்லுவோம்?"

குத்திக் காட்டிக் கேட்கவில்லை. அவளிடம் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. எத்தனை சனிக்கிழமையாக அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ. போன வாரம் நேரம் பார்த்தது, வகுப்பு முடிந்ததும் அதைச் சொல்லத்தானோ, எனக்குத் தெரியாது. என்னம்மா, என்னிடம் சொல் என்று வாய் வரை வந்தது. பழக்கம்.

அதற்குள் பெனிட்டா எழுந்து போய் ஜெமிமாவின் பக்கத்தில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட சொல்லு" என்றாள்.

மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.